ஆளைப் பார்த்துத் திறக்கும் பூட்டு

திண்டுக்கல் நாகல்நகர் பக்கம் ஏதாவது பூட்டுப் பட்டறைக்குப் போனால், மூடி பொருத்தாத பூட்டு ஒன்றைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். உள்ளே மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். லீவர் என்பார்கள். ஒவ்வொரு லீவரிலும் ஒரு வெட்டு. சாவியின் பற்கள் எல்லா லீவர்களையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் வெட்டுகள் ஒரே கோட்டில் வரும், தாழ் நகரும். ஒரே ஒரு லீவர் கொஞ்சம் அதிகமாக எழும்பினாலும் பூட்டு திறக்காது. கையால் அராவி அராவிச் செய்யும் இந்தப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்தப் பூட்டு தேடுவது ஒரே ஒரு சாவியை. முன்பின் தெரியாத யார் வந்தாலும் திறக்க வேண்டும், ஆனால் வருவது இயந்திரமாக இருந்தால் திறக்கக் கூடாது என்றால்? அப்படி ஒரு பூட்டு செய்ய முடியுமா?

2000-ஆம் ஆண்டில் யாகூ நிறுவனத்துக்கு இந்தப் பூட்டு அவசரமாகத் தேவைப்பட்டது. அதன் அரட்டை அறைகளில் மக்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, நடுவே 'பாட்'கள் புகுந்து விளம்பர இணைப்புகளைக் கொட்டின. பாட் என்பது ஆள் துணையில்லாமல் தானாக இயங்கும் நிரல். அதற்குத் தூக்கம் கிடையாது, சலிப்பும் கிடையாது. யாகூவின் உடி மான்பர் இந்தச் சிக்கலை அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எடுத்துச் சொன்னார். அங்கே பேராசிரியர் மானுவல் புளூமும், மாணவர் லூயிஸ் வான் ஆனும், அவர்களுடைய கூட்டாளிகளும் உருவாக்கியதுதான் 'கேப்ட்சா'. நெளித்து, வளைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிய எழுத்துகளைக் காட்டி "இது என்ன?" என்று கேட்கும் சோதனை.

கணினிக்குப் படம் என்பது வெறும் புள்ளிகள், அவற்றின் எண்கள். தனியாக நிற்கும் எழுத்தை அன்றைய நிரல்களும் படித்துவிடும். ஆனால் 'ப' மேல் 'ட' ஏறி நின்றால், எது எங்கே முடிகிறது என்று பிரிக்கத் தெரியாமல் திணறும். நம் கண்ணும் மூளையும் இதை நாம் யோசிப்பதற்குள் செய்துவிடுகின்றன.

எதிரே இருப்பது மனிதரா இயந்திரமா என்று கேள்வி கேட்டே கண்டுபிடிக்கும் சோதனையைக் கணித அறிஞர் ஆலன் டூரிங் 1950-லேயே எழுதிவிட்டார். அவருடைய அம்மா பிறந்த ஊர் எது தெரியுமா? கோவைக்குப் பக்கத்தில் இருக்கும் போத்தனூர்! டூரிங்கின் சோதனையில் கேள்வி கேட்பவர் மனிதர். கேப்ட்சாவில் கேள்வி கேட்பதே ஓர் இயந்திரம்.

இந்தப் பூட்டும் உடைந்தது. யாகூ பயன்படுத்திய கேப்ட்சாவை 100-க்கு 92 முறை சரியாகப் படிக்கும் நிரலை 2003-இல் கிரெக் மோரியும் ஜிதேந்திர மாலிக்கும் எழுதிக் காட்டினார்கள். அவர்கள் திருடர்கள் அல்லர், கணினிக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்த விஞ்ஞானிகள். எழுத்துகளை இன்னும் சிதைத்தால் மனிதர்களுக்கே படிக்க வராது. பார்வையற்றவர்களுக்கோ படத்தைக் காட்டும் சோதனை முதலிலிருந்தே அநியாயம்தான். உண்மையான மனிதரை வெளியே நிறுத்தும் பூட்டு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் நல்ல பூட்டு இல்லை.

அதனால் கவனம் பதிலிலிருந்து நடத்தைக்குத் திரும்பியது. 2014-இல் கூகுள் கொண்டுவந்த 'நான் ரோபோ அல்ல' கட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் டிக் அடிப்பது மட்டும் சோதனை அல்ல. அதற்கு முன் மவுஸ் எப்படி நகர்ந்தது என்பது போன்ற தடயங்களும் கணக்கில் வரும்.

உங்கள் தெருவுக்கோ கிரிக்கெட் அணிக்கோ வாட்ஸ்அப், டெலிகிராம் குழு இருந்தால் நீங்களும் நடத்தையைக் கவனிக்கலாம். குழுவில் சேர்ந்த அதே நொடியில் நீளமான செய்தி வருகிறதா? அதே செய்தி வேறு குழுக்களிலும் வந்ததா? குழுவின் அழைப்பு இணைப்பை எல்லாரும் பார்க்கும் இடத்தில் போட்டால், அதைத் தேடிப் பொறுக்கவே பாட்கள் அலைகின்றன. அட்மின் ஒப்புதல் கொடுத்தால்தான் புதியவர் உள்ளே வரலாம் என்று அமைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒப்புதலுக்கு முன் உள்ளூர்க் கேள்வி ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: "மணிக்கூண்டிலிருந்து நம்ம தெருவுக்கு எப்படி வரணும்?" பெரும்பாலான பாட்கள் பதிலே சொல்லாது. இல்லையென்றால், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று ஆரம்பிக்கும். அது அனுப்பும் இணைப்பைத் தொடாமல் அட்மினிடம் காட்டுங்கள். அவர் அந்தக் கணக்கை நீக்கிவிட்டு, அழைப்பு இணைப்பையும் மாற்றிவிட்டால் பழைய இணைப்பு அதன்பின் செல்லாது.