அபராதம் பத்து லட்சம், நிவாரணம் பத்து லட்சம்

தமிழ்நாடு மதுவிலக்குத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறிய நாள் 2024 ஜூன் 29. மதுவிலக்கு அமைச்சர் சு. முத்துசாமி கொண்டுவந்தது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் சாவு விழத் தொடங்கி அப்போது பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் இதே மெத்தனால் பாடை கட்ட வைத்தபோது, மதுவிலக்குச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளில் யாரும் கை வைக்கவில்லை. சட்டம் திருந்துவதற்கும் ஓர் எண்ணிக்கை வேண்டியிருக்கிறது போலும்.

எக்கியார்குப்பம் மீனவர் ஊர். ஒரு பக்கம் கடல், மரக்காணம் பக்கம் திரும்பினால் உப்பளங்கள். 2023 மே 13, சனிக்கிழமை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீளும் மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. அன்று பாக்கெட்டில் வாங்கிக் குடித்தவர்கள் அடுத்தடுத்து வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் என்று விழுந்தார்கள். மரக்காணம் அரசு மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மரக்காணம் பகுதியில் 14 பேர் இறந்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கம் இறந்தவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இருபதைத் தாண்டும். மே 15 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் முண்டியம்பாக்கம் வந்து பார்த்தார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

அது காய்ச்சிய சாராயமே அல்ல, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல்துறை அப்போதே சொல்லிவிட்டது. இந்த வேறுபாடு முக்கியம். ஊறல் போட்டுக் காய்ச்ச இடம் வேண்டும், நாள் வேண்டும், வாசனை காட்டிக்கொடுக்கும். மெத்தனாலுக்கு இது எதுவும் வேண்டாம். பெயின்ட், வார்னிஷ், மருந்து, ரசாயனத் தொழில்களுக்கென்று சட்டப்படி வாங்கிய பீப்பாயிலிருந்து கொஞ்சம் வெளியே கசிந்தால் போதும். தண்ணீர் கலந்து பாக்கெட்டில் அடைத்துவிடலாம். குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்ற மணிக்கணக்கில் ஆகும். அந்த அமிலம்தான் கண் நரம்பைக் கெடுக்கிறது, உயிரை எடுக்கிறது. உயிர் தப்பியவரின் பார்வை போய்விட்டால் குடும்பத்தில் இன்னொருவர் வேலையை விட்டுக் கூடவே இருக்க வேண்டும். சாவுக் கணக்கில் இவர்கள் வரமாட்டார்கள்.

மசோதாவுக்கு வருவோம். கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால் அதற்குக் காரணமானவருக்கு ஆயுள் காலம் வரை கடுங்காவல், 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். குற்றத்துக்குப் பயன்பட்ட அசையும் சொத்துகள் பறிமுதல். உரிமம் இல்லாமல் மது விற்கும் இடத்துக்குச் சீல். தண்டனை பெற்றவரை அந்தப் பகுதியை விட்டே வெளியேற்ற நீதிமன்றத்தை நாடலாம். ஜூலையில் ஆளுநர் ஒப்புதலும் கிடைத்தது. ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்குச் சட்டத்தின் மேல் போட்ட புது ஒட்டு இது. அரசே டாஸ்மாக் கடை நடத்துகிற மாநிலத்தில் அந்தச் சட்டம் இன்னும் மதுவிலக்குச் சட்டம் என்றே அழைக்கப்படுவதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

கடுமை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கடுமையை மட்டும் நம்ப முடியுமா? 2009இல் அகமதாபாத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விஷச் சாராயத்தில் செத்த பிறகு குஜராத், மரண தண்டனை வரை போகும் திருத்தத்தைக் கொண்டுவந்தது. 2022 ஜூலையில் அதே மாநிலத்தின் போடாட் பகுதியில் 40க்கும் மேற்பட்டவர்கள் மீண்டும் மெத்தனாலால்தான் மடிந்தார்கள். அங்கேயும் அது ரசாயனக் கிடங்கிலிருந்து திருடப்பட்ட சரக்கு.

சரி, செத்தவர் வீட்டுக்கு இந்த மசோதா என்ன சொல்கிறது? அதன் முனை முழுவதும் குற்றம் செய்தவர் பக்கமே திரும்பியிருக்கிறது. அபராதம் குறைந்தது 10 லட்சம். எக்கியார்குப்பத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு அரசு தந்த நிவாரணமும் 10 லட்சம். தொகை ஒன்றுதான், ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. அபராதம் சட்டத்தில் இருப்பது. நிவாரணம் முதலமைச்சரின் அறிவிப்பில் வந்தது. அபராதத்திலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்லிப் பொதுவான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் உத்தரவிடலாம் என்பது உண்மை. அதற்குத் தீர்ப்பு வர வேண்டும், குற்றவாளியிடம் பணம் இருக்க வேண்டும். பள்ளிக் கட்டணம் அதுவரை காத்திருக்காது.

அறிவிப்பு என்றால் நாளுக்கு நாள் மாறும். மரக்காணத்துக்கு அறிவித்தது இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், சிகிச்சையில் இருப்பவர்களுக்கு 50,000. பிள்ளைகளுக்கென்று தனிக் கணக்கு அந்த அறிவிப்பில் இல்லை. கள்ளக்குறிச்சியில் அது விரிந்தது. தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய், பட்டப்படிப்பு வரை படிப்புச் செலவு, பெயரில் 5 லட்சம் வைப்புத்தொகை. ஒருவரை இழந்த குழந்தைக்கு 3 லட்சம் வைப்புத்தொகை. 2021இல் கொரோனாவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அறிவித்த அதே 5 லட்சம், 3 லட்சம்தான் இது. அச்சு 2021இலேயே தயாராக இருந்தது. 2023இல் எக்கியார்குப்பத்துப் பிள்ளைகளுக்கு அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

“குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பத்து லட்சம்?” என்ற கேள்வி டீக்கடையில் மட்டும் எழவில்லை. கள்ளக்குறிச்சி நிவாரணத்தை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பொதுநல வழக்காகவும் போனது. கேட்பவருக்குக் கோபம் வருவது புரிகிறது. ஆனால் பணம் செத்தவருக்குப் போவதில்லை. மீன்கூடையைத் தலையில் சுமந்து விற்கும், உப்புப் பாத்தியில் கூலிக்கு நிற்கும் பெண்ணுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் போகிறது. உப்பள வேலையும் மழை தொடங்கினால் நின்றுவிடும். ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2023 நிலவரப்படி மாதம் 1,200 ரூபாய். அதை வாங்கும் குடும்பத்துக்கு, மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது வகுத்த விதிப்படி, அந்த மாத ஆயிரம் ரூபாய் அப்போது கிடைக்கவில்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்க்க ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. விவரம் தெரிந்தவர் யாராவது விண்ணப்பம் எழுதித் தந்தால்தான் அது வீடு வந்து சேரும்.

கொடுக்கும் கடமையைச் சட்டத்திலேயே எழுதிய மாநிலமும் இருக்கிறது. பீகாரின் 2016 மதுவிலக்குச் சட்டம், சாராயச் சாவு நேர்ந்தால் தயாரித்தவரும் விற்றவரும் இறந்தவரின் வாரிசுகளுக்கு 4 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இழப்பீடு தர நீதிமன்றம் ஆணையிடலாம் என்கிறது. ஆனால் பிரிவு ஒன்று, அரசியல் இன்னொன்று. 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் கொத்தாகச் சாவு விழுந்தபோது, குடிப்பவர் சாவார் என்று சொல்லி நிவாரணத்தை மறுத்தார் முதலமைச்சர் நிதிஷ்குமார். நான்கே மாதத்தில் மனம் மாறி, 2023 ஏப்ரலில் முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து 4 லட்சம் அறிவித்தார். அதுவும் 2016 ஏப்ரல் 1 முதலான சாவுகளுக்கு. சாராயம் எங்கே வாங்கியது என்று குடும்பம் எழுதித் தர வேண்டும் என்பது நிபந்தனை. விற்றவன் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஊரில், இரண்டு பிள்ளைகளோடு தனியாக நிற்கும் பெண் அதை எழுதித் தருவாளா? தமிழ்நாடு இந்தப் பிரிவை எடுத்துக்கொண்டால் அந்த நிபந்தனையை விட்டுவிட்டு எடுப்பது நல்லது.

பின்தேதியிட்டுத் தர முடியும் என்பதும் பீகாரிலிருந்து தெரிகிறது. கள்ளக்குறிச்சிப் பிள்ளைகளுக்குத் தந்ததை எக்கியார்குப்பத்துக்கும் நீட்டிக்கச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம், ஓர் அரசாணை போதும். திருத்தம் வேண்டியது வேறொன்றுக்கு. மதுவிலக்கு வழக்குகளில் பிடிபட்ட பைக்குகளையும் கார்களையும் மாவட்டக் காவல்துறை அவ்வப்போது ஏலம் விடுகிறது. பணம் அரசுக் கணக்குக்குப் போகிறது. அந்த ஏலப் பணத்தையும் அபராதத்தையும் அந்தந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒரு நிதியாக ஒதுக்கினால், சாவு நேர்ந்த வாரமே பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பட்டியலை எடுத்து அங்கிருந்து மாதத் தொகையைத் தொடங்கிவிடலாம். ஒரே ஒரு புதிய பிரிவு சேர்த்தால் போதும்.