கடலடியில் குரல் கொடுக்கும் கத்தாழை

நம் சங்க அங்கத்தினர்களிற் பெரும்பாலோர் தறியையும் நிலத்தையும் அறிந்தவர்கள். கடலின் விளைவை நாம் சந்தையிலேதான் காண்கிறோம். அங்கே கூடையில் கிடக்கும் கத்தாழை மீனை, விலை மலிந்தது என்பதனால், நாம் பெரிதாக மதிப்பதில்லை. ஆயினும் அதன் வாழ்க்கை முறை கூட்டுறவாளராகிய நமக்கு ஒரு பாடம் புகட்ட வல்லது.

கத்தாழை என்பது ஒரே மீனின் பெயரன்று. ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். பன்னா, கூறல் முதலியனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. உலகக் கடல்களில் இவ்வினங்கள் 250-க்கும் மேற்பட்டவை. சிறு கத்தாழை ஒரு சாண் நீளமே இருக்கும். கூறலோ 1 மீட்டருக்கு மேலும் வளரும். கரையை அடுத்த சேற்றுத் தரையும் மணல் தரையும் ஆற்று முகத்துவாரங்களும் இவற்றின் வாசஸ்தலம். சிறு கத்தாழைகள் பலவற்றுக்கு வாய் முகத்தின் கீழ்ப்புறம் அமைந்திருக்கிறது. தரையைத் துழாவி இறாலையும் சிறு நண்டையும் புழுவையும் உண்பதற்கு அது வசதியாகும். உடலின் இருமருங்கிலும் நூலிழை போல ஓடும் உணர்வுக்கோடு, இவற்றில் வால் துடுப்பின் நுனி வரை நீண்டு செல்வது ஒரு விசேஷம்.

இதனினும் பெரிய விசேஷம் இவற்றின் குரல். வயிற்றினுள் இருக்கும் காற்றுப்பையை அடுத்த தசைகள் விரைந்து துடிக்க, அப்பை முரசு போல் அதிர்கிறது. பெரும்பாலான இனங்களில் ஆண் மீன்களே இவ்வாறு ஒலி எழுப்புகின்றன. இனப்பெருக்கக் காலத்தில், பொழுது சாயும் வேளையில், கலங்கிய நீரில் ஒன்றையொன்று காண இயலாத மீன்கள் இக்குரலாலேயே கூடுகின்றன. அவற்றின் செவியினுள் உள்ள கற்களும் மற்ற மீன்களுடையவற்றைவிடப் பெரியவை.

குலத்தை வளர்க்கும் அக்குரலே குலத்துக்கு எமனாகவும் முடிந்ததைச் சீனக் கடற்கரையில் காண்கிறோம். அங்கே பொன்னிற வயிறுடைய பெரிய மஞ்சள் கத்தாழை ஒன்று உண்டு. மூங்கிற் குழாயை நீரில் இறக்கி, காது வைத்துக் கேட்டு, மீன் கூடிய இடத்தை மீனவர் அறிந்தனர். 1950-களில் வேறொரு முறை பரவியது. பல படகுகள் வளையமாகச் சூழ்ந்து நின்று மரத்தை ஓயாது தட்டும். அவ்வதிர்ச்சியால் தாய் மீனும் குஞ்சும் ஒருங்கே மயங்கி மிதக்கும். 1960-களில் அரசாங்கம் இம்முறையைத் தடுத்தது. ஆனால் பின்னர் விசைப்படகுகள், குளிர்காலத்தில் மீன்கள் ஒதுங்கும் இடங்களையே நாடிச் சென்றன. 1970-களின் நடுவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் டன் பிடிபட்டது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கடலில் அம்மீன் கூட்டம் அருகிவிட்டது. இன்று அங்கே விற்பவை பெரும்பாலும் கூண்டுகளில் வளர்க்கப்பட்டவையே. வளர்த்த குஞ்சுகளைக் கடலில் விட்டும் பழைய வளம் திரும்பவில்லை.

விதைநெல்லைக் குத்தித் தின்றால் மறு போகம் ஏது என்பது நம் உழவர் அறியாததன்று. ஆனால் விதைநெல் அவரவர் குதிரில் இருக்கிறது. கடல் மீனோ எவர் குதிரிலும் இல்லை. நான் விட்டால் அடுத்தவன் பிடிப்பான் என்று ஒவ்வொருவரும் எண்ணும் இடத்தில், ஒருவர் மட்டும் ஒதுங்கி நிற்பதனால் பயனில்லை. எல்லோரும் ஒருங்கே நிறுத்தினாலன்றி மீன் பிழைக்காது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் 2001-ஆம் ஆண்டு முதல் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் உள்ளது. முதலில் 45 நாளாக இருந்தது. இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்நாட்களில் விசைப்படகு நம்பிய குடும்பங்களுக்கு வருவாய் நின்றுவிடுகிறது. அரசு அளிக்கும் நிவாரணம் ஒரு துணையே. ஆயினும் தடை நீங்கிய பின் சிறு கண் மடியைக் கொண்டு குஞ்சுகளை வாரினால், அவர்கள் பட்ட பசி வீணாகிவிடும். அக்குஞ்சுகளிற் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்கே போகிறது.

இழையின் இடைவெளி துணியின் தரத்தை நிர்ணயிக்கிறது என்பது நெசவாளருக்குத் தெரியும். வலைக் கண்ணின் இடைவெளி கடலின் எதிர்காலத்தை நிர்ணயிக்கிறது. சந்தையில் விரல் நீளக் கத்தாழைக் குஞ்சுகளைக் குவித்து விற்கக் கண்டால், வாங்காமல் விடுவது நம்மால் இயன்ற சிறு உதவி.