பளபளப்பை நம்பலாமா?

பழைய ஜாஸ் இசைத்தட்டை வாங்குவோர் முதலில் அதை விளக்கொளியில் சாய்த்துப் பார்ப்பர். நகத்திற்குத் தட்டுப்படாத மயிரிழைக் கீறல் பெரும்பாலும் காதுக்கும் எட்டாது. தட்டுப்படும் கீறலோ, நிமிடத்திற்கு 33⅓ சுற்று ஆதலால், 1.8 விநாடிக்கு ஒருமுறை 'டிக்' என்று தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கண்ணுக்கு அகப்படாதது தேய்மானம். கனத்த ஊசி பலமுறை உழுத தட்டும் பளபளக்கக்கூடும்! அதை எங்கே கேட்டறிவது? பௌதிகம் விடை தருகிறது. வெளிவிளிம்பில் தடம் ஊசியின்கீழ் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது, உள்முடிவில் சுமார் 21 செ.மீ. மட்டுமே. (கணக்கை நான் போட்டேன்; இசைத்தட்டுக் கருவி எங்கள் வீட்டில் இருந்ததில்லை.) அங்கே ஒலியலைகள் நெருங்கிப் பதிவதால், ஊசி அவற்றைப் பின்தொடரத் திணறித் தடத்தின் சுவரைத் தேய்க்கிறது.

1959இல் வெளிவந்த மைல்ஸ் டேவிசின் 'கைண்ட் ஆஃப் புளூ'வில், முதற்பக்கத்தின் கடைசி உருப்படி 'புளூ இன் கிரீன்'. மென்மையானது, இரைச்சல் ஒளிய அதில் இடமில்லை. ட்ரம்பெட் அங்கே கரகரத்தால் தட்டு தேய்ந்திருக்கிறது என்று ஐயுறலாம். ஆகவே, முதல் உருப்படியை மட்டும் ஒலிக்கவிட்டு விலை பேசும் வியாபாரியிடம், ஊசியை உள்ளே நகர்த்தச் சொல்லவேண்டும். மறுத்தால் நான் வாங்கமாட்டேன்.