நிலநடுக்க ஒத்திகை மேடையும் பிழை செய்யும்

புது தில்லி: குஜராத் மாநிலம் புஜ் பகுதியில் 2001 ஜனவரி 26-ஆம் தேதி நேரிட்ட நிலநடுக்கத்தில் 13 ஆயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். துணை மின் நிலையங்கள் சேதமடைந்ததால் கட்ச் மாவட்டத்தில் மின் விநியோகமும் முடங்கியது. மின் சாதனங்கள் இத்தகைய அதிர்வைத் தாங்குமா என்று முன்கூட்டியே சோதிக்கும் அதிர்வு மேடை பெங்களூருவில் உள்ளது. மத்திய மின்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மத்திய மின் ஆராய்ச்சி நிலையத்தில் அமைந்துள்ள அந்த மேடை, 3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்டது. 10 டன் வரை எடையைச் சுமந்தபடி மூன்று திசைகளிலும் குலுங்கக் கூடியது.

எங்கோ பதிவான நிலநடுக்கத்தை இத்தகைய மேடைகள் அப்படியே திரும்ப நிகழ்த்திவிடும் என்று எண்ணுவது தவறு. கணினி இடும் கட்டளை ஒன்று. ஹைட்ராலிக் தண்டுகள் செய்து காட்டும் அசைவு வேறொன்று. உள்ளிருக்கும் எண்ணெய் சற்றே அழுந்துகிறது. வால்வு திறக்க நொடியின் ஒரு சிறு பகுதி பிடிக்கிறது. இதனால் சில அதிர்வுகள் மிகுந்தும் சில குன்றியும் வெளிப்படுகின்றன. மேலே ஏற்றிய கனமான பொருளும் ஆடத் தொடங்கியதும் மேடையையே எதிர்த்து இழுக்கிறது.

திருத்தும் முறை பொறுமையைக் கோருவது. முதலில் மெல்லிய அதிர்வு கொடுத்து மேடையின் குணத்தை அளக்கிறார்கள். அது குறைக்கும் இடத்தில் கட்டளையைக் கூட்டியும், மிகுக்கும் இடத்தில் குறைத்தும் மீண்டும் ஓட்டுகிறார்கள். கிடைத்த அசைவும் வேண்டிய அசைவும் போதிய அளவு நெருங்கும் வரை இது தொடரும்.

உண்மையான சிக்கல் அதன் பிறகுதான். சோதனைப் பொருளில் விரிசல் விழுந்தால் அதன் விறைப்பு குறையும். முழுமையாக இருந்தபோது கணித்த திருத்தம் இனிப் பொருந்தாது. பொருள் இடியும் தருணத்தை அறியவே சோதனை நடக்கிறது. அந்தத் தருணத்தில்தான் பிழை பெருகவும் கூடும். ஒத்திகைகளால் பொருள் களைத்துவிடக் கூடாதென்று அதே எடையுள்ள இரும்பை வைத்துப் பழகலாம். ஆனால் இரும்பு, சோதனைப் பொருளைப் போல் ஆடாது.

கட்டடங்களுக்கு வேறொரு தொல்லை. அடுக்குமாடியைச் சிறிய மேடையில் ஏற்ற முடியாது. மாதிரிதான் செய்ய வேண்டும். மாதிரி சுருங்கினாலும் புவியீர்ப்பு சுருங்குவதில்லை. ஆகவே கால் பங்கு அளவிலான மாதிரியில் கூடுதல் எடையைக் கட்டி, 40 வினாடி நிலநடுக்கத்தை 20 வினாடியில் ஓட்டுகிறார்கள். 1,200 டன் வரை சுமக்கும் மேடையை 2005-இல் மிகி நகரில் திறந்த ஜப்பான், முழு அளவுக் கட்டடங்களையே ஏற்றிப் பார்க்கிறது.

இது ஆய்வுக்கூடத்தோடு முடியும் விஷயமல்ல. 2002-இல் இந்தியத் தர நிர்ணய விதி திருத்தப்பட்டபோது சென்னை மூன்றாவது நில அதிர்வு மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. மின் வாரியங்கள் 'தேறியது' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பார்த்துச் சாதனம் வாங்குவது போதாது. மேடைக்கு விதிக்கப்பட்ட அதிர்வையும் அது உண்மையில் கொடுத்த அதிர்வையும் ஒரே வரைபடத்தில் கேட்டுப் பெற வேண்டும். பெங்களூரு நிலையத்தின் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்படுகிறது. இதுபற்றிக் கேட்க விரும்பும் உறுப்பினர்களுக்கு வாய்ப்பு அங்கேயே இருக்கிறது.