செவிகொடுக்குந் தோழமை: பல்கலைக்கழக மாணவரும் உளநலக் கல்வியும்

பிள்ளையொருவன் பல்கலைக்கழகம் புகும் நாள் எம்மவர் குடும்பங்களுக்குப் பெருநாளாகும். பதின்மூன்று ஆண்டுப் பள்ளிப்படிப்பும் பெற்றோரின் சிக்கனமும் ஆசிரியரின் உழைப்பும் அந்நாளிற் பயன் தந்தனவென்று மகிழ்கின்றோம். ஆயின் அம்மாணவனின் உள்ளத்திற் பெருஞ்சோதனை தொடங்குவதும் பெரும்பாலும் அந்நாளிலேயே. ஊரில் முதல்வனாய் விளங்கியவன் அங்கு முதல்வர் பலருள் ஒருவனாகின்றான். அயலூர், அந்நிய மொழியில் விரிவுரை, விடுதியறையிற் புதியவரோடு வாழ்வு, கையிற் பணமின்மை, முதன்முதலாய்க் காணும் தோல்வி, காதலும் அதன் முறிவும் ஆகிய அனைத்தும் ஓராண்டிற்குள் வந்து சேர்கின்றன. வாழ்நாளில் உளநோய்க்கு ஆளாவோருள் ஏறத்தாழ முக்காற் பங்கினருக்கு அந்நோய் இருபத்துநான்கு வயதிற்குள் தோன்றிவிடுகின்றதென 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான பேராய்வொன்று கண்டது. எனவே பட்டப்படிப்புக் காலம் அறிவு முதிருங் காலம் மட்டுமன்று. உள்ளம் தளரக்கூடிய காலமுமாகும்.

இப்பொருளை யான் எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணமுண்டு. சில ஆண்டுகட்கு முன், பல்கலைக்கழகத்தில் முதலாண்டு பயின்ற பழைய மாணவனொருவன் விடுமுறையில் என்னைக் காண வந்தான். “சேர், அங்கே எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை” என்றான். யான் விடாமுயற்சியைப் பற்றி அரைமணி நேரம் எடுத்துரைத்தேன். “சரி சேர்” என்று எழுந்து சென்றான். அடுத்த தவணையில் அவன் உண்ணாமலும் உறங்காமலும் அறையிலேயே கிடந்தானென்பதையும், அறைத்தோழனொருவன் இரவுதோறும் அவனருகில் இருந்து, இறுதியில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றானென்பதையும் பின்னரே அறிந்தேன். தேறிய பின் அம்மாணவன் என்னிடம் கூறியது இன்னும் என் செவியில் நிற்கின்றது: “சேர், நீங்கள் சொன்னீர்கள், அவன் கேட்டான்.” சொல்லுதற்கும் கேட்டற்கும் இடையே உள்ள இவ்வேறுபாடே இக்கட்டுரையின் பொருளாகும்.

துயருற்றோர்க்குச் செவிகொடுத்தலைப் பயிலத்தக்க ஒரு தொண்டாக அமைத்தோருள் முன்னவர் சட் வாரா என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருவாவர். 1935ஆம் ஆண்டு அவர் இளங்குருவாய் இலிங்கன் நகரிற் பணியாற்றுகையில், தன்னுயிரை மாய்த்துக்கொண்ட பதின்பருவச் சிறுமி ஒருத்தியின் ஈமக்கிரியையை நடத்த நேர்ந்தது. தன்னுடலில் இயல்பாய் நிகழ்ந்த பருவமாற்றத்தைக் கொடிய நோயென்று அவள் அஞ்சினாள். அவ்வச்சத்தை எவரிடமும் வாய்திறந்து கேட்க இயலாமற்போனாள். இந்நிகழ்ச்சி வாராவின் உள்ளத்தை விட்டு அகலவில்லை. 1953 நவம்பரில் இலண்டன் மாநகரில் ஒரு தேவாலயத்திலிருந்து, உயிர்வாழ விருப்பற்றோர் தம்மோடு பேசலாமென அறிவித்துத் தொலைபேசித் தொண்டைத் தொடங்கினார். மக்கள் திரளாய் வந்தனர். அவரைக் காணக் காத்திருந்தோருக்குத் தேநீர் கொடுத்து உடனிருக்கத் தொண்டர் சிலர் முன்வந்தனர். அப்போது எதிர்பாராத உண்மையொன்று வெளிப்பட்டது. தொண்டரோடு பேசியோரிற் பலர் குருவைக் காணாமலே ஆறுதல் பெற்றுத் திரும்பினர். 1954ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே செவிகொடுக்கும் பணியை அவர் தொண்டரிடம் ஒப்படைத்தார். சமாரிற்றன்ஸ் என்னும் இயக்கம் இவ்வாறு உருவாயிற்று.

இவ்வுண்மையை மாணவருலகம் விரைவில் தனதாக்கிக் கொண்டது. 1970ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நைற்லைன் என்னும் இரவுத் தொலைபேசிச் சேவை தோன்றியது. பகலில் விரிவுரை கேட்கும் மாணவரே இரவில் விழித்திருந்து, சக மாணவரின் குரலுக்குச் செவிகொடுத்தனர். பேசுவோன் பெயர் கூற வேண்டியதில்லை, கூறியது வெளியே செல்லாது, கேட்போன் தீர்ப்புக் கூறான், அறிவுரையும் திணியான். இந்நெறிகளோடு பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் பல பல்கலைக்கழகங்களில் இச்சேவை பரவியது. அமெரிக்காவிலோ, தன் தமையனை 2000ஆம் ஆண்டில் தற்கொலையால் இழந்த அலிசன் மல்மன் என்னும் மாணவி, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மறு ஆண்டே ஒரு மாணவர் மன்றத்தை நிறுவினார். அக்ரிவ் மைண்ட்ஸ் எனப்படும் அவ்வியக்கம் உளநோயைப் பற்றி மாணவர் வெட்கமின்றிப் பேசவேண்டுமென்பதை நோக்கமாகக் கொண்டது.

மருத்துவரும் ஆற்றுப்படுத்துநரும் இருக்க மாணவர் எதற்கு என ஒருவர் வினவலாம். காரணம் மூன்று. முதலாவது, அண்மை. நண்பன் உண்ணவில்லை, விரிவுரைக்கு வரவில்லை, சிரிப்பை மறந்தான் என்பவற்றை முதலிற் காண்பவன் அறைத்தோழனே. இரண்டாவது, அச்சமின்மை. ஆசிரியரிடம் கூறினால் மதிப்புக் குறையும், பெற்றோரிடம் கூறினால் மனமுடைவர், மருத்துவரிடம் சென்றால் “விசர்” என்னும் பெயர் வரும் என்று அஞ்சும் இளைஞன், ஒத்த வயதினனிடம் வாய்திறப்பான். மூன்றாவது, ஒப்புமை. “எனக்கும் முதல் தவணை இவ்வாறே இருந்தது” என்று இரண்டாமாண்டு மாணவன் கூறுஞ் சொல்லுக்கு உள்ள வலிமை, நாற்பது வயதைக் கடந்த எமது சொல்லுக்கு இல்லை.

எனினும் நல்லெண்ணம் மட்டும் போதாது, பயிற்சி வேண்டும். பயிற்சியின் முதற்பாடம் கேட்டல். இதற்கு அடிப்படை அமைத்தவர் அமெரிக்க உளவியலறிஞர் காள் றொஜர்ஸ். துயருற்றவன் தேறுதற்குக் கேட்போனிடம் அமைய வேண்டிய பண்புகளை 1957ஆம் ஆண்டில் அவர் வகுத்துரைத்தார். அவற்றுள் தலையாயவை மூன்று: மற்றவனின் உணர்வை அவன் நிலையில் நின்று உணர்தல், அவனை நிபந்தனையின்றி மதித்தல், உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை என்பன. “நான் தோற்றுவிட்டேன்” என்பவனிடம் “அதெல்லாம் ஒன்றுமில்லை” என்பது ஆறுதல்போலத் தோன்றினும் அவன் வாயை அடைப்பதாகும். “இவ்வளவு உழைத்தும் இப்படி ஆனது உன்னை மிகவும் வாட்டுகின்றது போலும்” என்பதோ அவன் மேலும் பேசுதற்குக் கதவைத் திறக்கும். அறிவுரை பின்னர் வரலாம், வாராமலும் இருக்கலாம்.

இரண்டாம் பாடம் உறவுத்திறன். மாணவர் உளத்துயரிற் பெரும்பகுதி நட்பு, காதல், குடும்பம் ஆகியவற்றிலேயே வேர்கொள்கின்றது. வாஷிங்ரன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் கொற்மன் தம்பதியரின் உரையாடல்களைப் பல்லாண்டு நுணுகி ஆராய்ந்து, உறவை அழிக்கும் நடத்தைகள் நான்கினைச் சுட்டினார். செயலைக் கூறாது குணத்தையே பழித்தல், இகழ்தல், தன் பிழையை ஏலாது எதிர்வாதஞ் செய்தல், பேசாது முகந்திருப்பிக்கொள்ளல் என்பன அவை. இவை தம்பதியர்க்கு மட்டும் உரியனவல்ல. விடுதியறைத் தோழர்க்கும் பொருந்துவன. இவற்றுக்கு மாற்றாக மார்ஷல் றோசன்பேர்க் என்பவர், கண்டதைக் கூறல், உணர்ந்ததைக் கூறல், தன் தேவையைக் கூறல், வேண்டுகோளைக் கூறல் என நாற்படி உரையாடல் ஒன்றை வகுத்தார். நள்ளிரவு கடந்தும் விளக்கெரிக்கும் தோழனை நோக்கி “நீ எப்போதும் தன்னலக்காரன்” என்பது சண்டைக்கு வித்தாகும். “இவ்வாரம் மூன்று இரவு இரண்டு மணிவரை விளக்கு எரிந்தது, நித்திரையின்றி எரிச்சலாயிருக்கிறேன், காலையில் விரிவுரையைத் தெளிவோடு கேட்கவேண்டும், பன்னிரண்டு மணிக்குப்பின் மேசைவிளக்கை மட்டும் பாவிப்பாயா?” என்பது தீர்வுக்கு வழியாகும். காதலை மறுக்கும் ஒருவரின் மறுப்பை மறுப்பாகவே ஏற்றுக்கொள்ளலும், மறுக்கப்பட்டமையால் தன் வாழ்வு முடிந்ததன்று எனத் தெளிதலும் இப்பாடத்தில் அடங்கும்.

மூன்றாம் பாடம் உளநல முதலுதவி. காயத்துக்கு முதலுதவி பயிற்றுவதுபோல உளநெருக்கடிக்கும் பயிற்றலாமென்று 2000ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் பெற்றி கிச்சனர் என்னும் தாதியும் அந்தனி ஜோர்ம் என்னும் பேராசிரியரும் ஒரு பாடநெறியைத் தொடங்கினர். இது பல நாடுகளிற் பரவியுள்ளது. இதில் யாவரும் அறியவேண்டிய செய்தியொன்றுண்டு. நண்பன் தன்னுயிரை மாய்க்க எண்ணுகிறானோ என ஐயுற்றால், அதனை அவனிடம் நேரே, அமைதியாய்க் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்தவராவோம் என்பது தவறான அச்சம். நியூயோர்க் மாநிலப் பாடசாலை மாணவர் ஈராயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடாத்தப்பெற்று 2005இல் வெளியான ஆய்வு, அவ்வாறு வினவுதலால் துயரமோ அவ்வெண்ணமோ மிகவில்லையெனக் காட்டியது. “ஆம்” என்று விடை வரின் அவனைத் தனியே விடாது, மருத்துவரிடமோ பொறுப்பானவரிடமோ அழைத்துச் செல்லல் கடன். உயிருக்கு இடர் உள்ளவிடத்து “எவரிடமும் கூறாதே” என்னும் வாக்குறுதி செல்லாது. இதனை முன்கூட்டியே நண்பனுக்கு உணர்த்தவும் வேண்டும்.

இம்முறையாற் பயன் உண்டோவெனின், சான்றுகள் இருவகையாய் உள. கலிபோர்னியாவிற் பன்னிரண்டு கல்லூரிகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவரிடையே நடைபெற்று 2018இல் வெளியான ஆய்வு, மேற்கூறிய மல்மன் இயக்கத்தோடு ஈடுபாடு மிகுந்தோரிடம் உளநல அறிவு வளர்ந்ததையும் இழிவெண்ணம் குறைந்ததையும் கண்டது. மறுபுறம், அமெரிக்காவில் முப்பத்திரண்டு கல்லூரிகளில் விடுதிப்பொறுப்பு மாணவர்க்கு முதலுதவிப் பயிற்சியளித்து ஆராய்ந்த 2014ஆம் ஆண்டு அறிக்கை, பயின்றோரின் அறிவும் துணிவும் வளர்ந்தனவாயினும், அவ்விடுதிகளின் ஏனைய மாணவர் சிகிச்சையை நாடுதல் கூடவில்லையென உரைத்தது. ஆகலின் ஒருநாட் பயிற்சியும் ஒரு சான்றிதழும் எல்லாவற்றையும் மாற்றுமென நம்புதல் பேதைமை. தொடர்ந்த பயிற்சியும், தேர்ந்தோர் மேற்பார்வையும், அனுப்புதற்கு ஏற்ற மருத்துவ வசதியும் இருந்தாலன்றி மாணவத் தொண்டன்மேற் சுமக்கவொண்ணாப் பாரத்தை ஏற்றியவராவோம். அவன் நண்பன், வைத்தியனல்லன். அவனுக்கும் தேற்றுவார் வேண்டும்.

எம் நாட்டுக்கு இப்பொருள் புறம்பானதன்று. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு நாற்பத்தேழு பேர்வரை தம்முயிரை மாய்த்தனர். உலகில் மிகவுயர்ந்த வீதங்களுள் அஃது ஒன்று. கொடிய பீடைநாசினிகள் தடைசெய்யப்பட்டமையால் அவ்வீதம் பின்னர்ப் பெரிதும் வீழ்ந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமெனக் கொண்ட சட்டமும் 1998இல் நீங்கியது. வாரா தொடங்கிய நெறியைத் தழுவிச் சுமித்ரயோ என்னும் தொண்டமைப்பு 1974 முதல் இங்கு செவிகொடுத்து வருகின்றது. 1926 என்னும் இலக்கத்தில் தேசிய உளநலத் தொலைபேசிச் சேவையும் உண்டு. இவற்றை மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். அதேவேளை எம் பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர் இளையோரைப் பகிடிவதையால் வருத்துவதும், அதனைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இயற்ற நேர்ந்ததும் யாவரும் அறிவர். மூத்தவன் இளையவனை அணுகும் உரிமையை எம் மரபு அவனுக்குத் தந்துள்ளது. அவ்வுரிமை வதைக்கும் பயன்படும், தேற்றவும் பயன்படும். எதற்குப் பயன்படும் என்பதே வினா.

கீதையின் முதல் அத்தியாயம் அருச்சுனனின் துயரத்தைப் பற்றியது. கைசோர்ந்து வில்லை எறிந்தவன் தன் கலக்கம் முழுவதையும் கொட்டித் தீர்க்கும்வரை, தேரோட்டியாய் வந்த தோழர் இடைமறித்தாரல்லர். உபதேசம் அடுத்த அத்தியாயத்திலேயே தொடங்குகின்றது. உபதேசத்தைப் போற்றும் நாம் அதற்கு முன்னிருந்த மௌனத்தை மறந்துவிட்டோம்.

எனவே பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்: இவ்வாண்டு எம் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் புகுவோரை முதற்கிழமையிலேயே தேடிச்சென்று காண்மின், ஈராறு திங்களுக்கேனும் அவர்தம் நலம் விசாரித்து வருமின். ஆசிரியர்க்கு ஒன்று: உயர்தர வகுப்புப் பிள்ளைகட்குப் பரீட்சை முடிந்தபின் சில நாழிகையேனும் இப்பாடங்களைப் பயிற்றுவோம். மாணவர்க்கு ஒன்று: நண்பன் “ஒன்றும் பிடிபடவில்லை” என்றால், புத்தகத்தை மூடிவைத்து அவனருகில் அமர்வீர்களாக. யான் அன்று செய்யத் தவறியது அதுவே.