கதாபாத்திர வகைகளும் ஆட்டச் சமநிலையும்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று ஆடுவது பாத்திரமேற்று விளையாட்டு. ஒருவர் கதையை நடத்திச் செல்வார், மற்றவர்கள் அதற்குள் நடமாடுவார்கள். ஒரு பாத்திரம் போர்வீரனா, மந்திரவாதியா, திருடனா என்பதைச் சொல்வது அதன் 'வகை'. அது என்ன செய்யலாம், எதில் தேறும், எதில் தோற்கும் என்பதெல்லாம் வகையைப் பொறுத்தவை. யாராவது புதிய வகை ஒன்றை உருவாக்கிக் கொண்டுவந்தால் உடனே சச்சரவு தொடங்கிவிடும்: இது மற்றவற்றைவிட வலுவானதா? இதையே ஆட்டச் சமநிலை பற்றிய விவாதம் என்கிறோம். வலிமையை மட்டும் அளந்து இதைத் தீர்க்க முடியாது. அதற்கான சான்று நம் ஊர்க் கோயில் கல்தளங்களிலேயே கீறப்பட்டுக் கிடக்கிறது.

ஆடுபுலி ஆட்டத்தின் கணக்கு

ஆடுபுலி ஆட்டத்தின் பரவலான வடிவத்தில் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி பக்கத்திலுள்ள ஆட்டைத் தாண்டி, அடுத்த புள்ளி காலியாக இருந்தால் வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே கிடையாது. போதாததற்கு, 15 ஆடுகளையும் ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கும்வரை இறக்கிய ஆட்டை நகர்த்தவும் கூடாது. புலிகளோ அதற்குள் களத்தில் உலவத் தொடங்கிவிடும். ஒரு புலியையும் ஓர் ஆட்டையும் தனியே நிறுத்தி ஒப்பிட்டால் இதைவிட ஓரவஞ்சனையான ஆட்டம் இருக்க முடியாது. ஆனாலும் ஆடுகள் இடைவெளி விடாமல் ஒன்றின்பின் ஒன்றாக நின்றுவிட்டால் புலிக்குத் தாண்ட இடமில்லை. மூன்று புலிகளும் நகர முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்காரர் வென்றார்.

இங்கே சமநிலை காய்களுக்குள் இல்லை, எண்ணிக்கையிலும் விதியிலும் இருக்கிறது. எத்தனை ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும். ஒரு தரப்பின் கை ஓங்கும்போது திருகிச் சரிசெய்ய உதவும் ஆணி என்றே அந்த எண்ணைச் சொல்லலாம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த நேபாளத்தின் பாக்-சால் ஆட்டத்தில் 25 புள்ளிகளில் 4 புலிகள், 20 ஆடுகள். 5 ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரு கணினி ஆய்வாளர்கள் 2000-களில் அதைக் கணினியில் அலசி, இரு தரப்பும் பிழையில்லாமல் ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று காட்டினார்கள். பலகை வேறு என்பதால் அந்த முடிவை அப்படியே நம் ஆட்டத்துக்குப் பொருத்த முடியாது. மேலும், பிழையில்லாமல் ஆடுகிறவர் யார்? புதிதாகப் பழகுபவரிடம் ஆடுகளைக் கொடுத்துப் பாருங்கள், ஐந்தாறு ஆடுகள் வெட்டுப்பட்ட பிறகுதான் விதியே அவருக்குப் பிடிபடும்.

எப்படியிருந்தாலும் ஆடுபுலியில் ஒரு வசதி உண்டு. ஓர் ஆட்டம் முடிந்ததும் கட்சி மாறிக்கொள்ளலாம். பாத்திரமேற்று விளையாட்டில் அது முடியாது. ஒரே பாத்திரத்தை மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில்கூட ஆடுகிறார்கள். அங்கே வகை சரியில்லை என்றால் ஒருவர் வாரந்தோறும் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்.

திருடன் வந்த கதை

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 1974-இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என மூன்றே வகைகள். அடுத்த ஆண்டு வந்த கிரேஹாக் என்ற இணைப்பு நூலில் திருடன் சேர்ந்தான். முதல் படிநிலைத் திருடன் பூட்டைத் திறக்க 100-க்கு 15, நிழலில் மறைய 100-க்கு 10 என்ற அளவில்தான் வாய்ப்பு. சண்டையிலும் பலவீனன். இதற்கு ஈடாக அவன் விரைவில் வளர்வான்: இரண்டாம் படிக்குப் போர்வீரனுக்கு 2,000 அனுபவப் புள்ளிகள் வேண்டும், மந்திரவாதிக்கு 2,500, திருடனுக்கு 1,200 போதும்.

எண்களில் இது நியாயமான பேரம்தான். சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. அதற்கு முன் எந்தப் பாத்திரமும் பதுங்கிப் போக முயலலாம், நடத்துநர் சூழலைப் பார்த்து முடிவு சொல்வார். பதுங்குவது திருடனின் தனித்திறன் என்று அச்சில் வந்ததும், மற்றவர்களால் அது முடியாதா என்ற கேள்வி எழுந்தது. வலு குறைந்த ஒரு வகை, மற்ற எல்லோரிடமிருந்தும் ஒரு செயலைப் பறித்துக்கொண்டது. மறுபக்கம், பூட்டைத் திறக்கும் மந்திரம் 1974-லேயே மந்திரவாதியிடம் இருந்தது. திருடன் 15 விழுக்காட்டை நம்பிப் பகடை உருட்டுகையில் மந்திரவாதி ஒரு சொல்லில் கதவைத் திறந்துவிடுவார். அதற்கு அவர் ஒரு மந்திரத்தைச் செலவிட வேண்டும் என்பதே திருடனுக்கு மிஞ்சிய பாதுகாப்பு. இந்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

ஒரு நாளில் எத்தனை சண்டை?

ஓர் எளிய கணக்கு. அ என்ற வகை ஒவ்வொரு முறையும் சராசரியாக 5 புள்ளி சேதம் செய்யும். ஆ என்ற வகை நாளுக்கு ஒருமுறை 20, மற்ற முறைகளில் 2. கதையில் ஒரு நாளில் ஒரே சண்டை, அதில் நான்கு முறை என்றால் அ செய்வது 20, ஆ செய்வது 26. அதே நாளில் ஆறு சண்டைகள் வந்தால் அ 120, ஆ 66 மட்டுமே. வகை மாறவில்லை, ஆடும் முறைதான் மாறியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 நடத்துநர் கையேடு ஒரு நாளுக்கு ஆறு முதல் எட்டு மோதல்களைக் குழு தாங்கும் என்று கணித்தது. விடுமுறை நாளில் மூன்று மணிநேரம் கூடும் நண்பர்கள் ஒன்றிரண்டு சண்டைகளோடு முடித்துவிடுவார்கள். ஒரே வகையை ஒரு குழு அநியாயம் என்றும் இன்னொரு குழு சப்பை என்றும் சொல்வதில் பாதி இதனால்தான்; இருவர் சொல்வதும் உண்மை.

மிஸ்டிக்

அதே விளையாட்டை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2017 மார்ச்சில் மிஸ்டிக் என்ற மனோசக்தி வகையை 20 படிநிலைகளோடு சோதனைக்கு விட்டது. தாக்குவது, காப்பது, ஆற்றுவது, மனத்தைப் படிப்பது என்று எல்லாமே அதில் கிடைத்தது. எண்ணளவில் எங்கே மிகை என்று தேடியவர்கள் ஒரு புறம். ஆனால் அழுத்தமான குறை, அது ஒன்றே மேசையிலுள்ள நால்வரின் வேலையையும் செய்துவிடும் என்பதுதான். மிஸ்டிக் எந்த நூலிலும் முழு வகையாக வரவில்லை. 2020-இல் வெளியான டாஷா நூலில், ஏற்கெனவே இருந்த வகைகளின் கிளைகளாக மனோசக்தி சேர்க்கப்பட்டது. போர்வீரனுக்கு ஒரு கிளை, திருடனின் வாரிசான ரோக் வகைக்கு ஒரு கிளை.

கருவிகளில் மந்திரம் ஏற்றும் ஆர்ட்டிஃபிசர் வகையும் 2017-லேயே சோதனைக்கு வந்ததுதான். 2019 பிப்ரவரியில் திருத்தி மறுபடி சோதிக்கப்பட்டு, அந்த நவம்பரில் நூலேறியது. அது செய்யும் பொருளைத் தோழர்களும் எடுத்துப் பயன்படுத்தலாம். அது மேசையில் இருந்தால் பக்கத்தில் இருப்பவரின் கையும் ஓங்குகிறது.

வீட்டில் எழுதிய புது வகையைச் சோதிக்க விரும்பும் குழுக்கள், நாலைந்து அமர்வுகளுக்குப் பிறகு எண்களை மாற்றுவோம் என்று முதல் நாளே பேசிவைத்துக்கொள்வது நல்லது. அந்த அமர்வுகளில் புது வகையை ஆடுபவரைவிட, அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எத்தனை முறை பகடையைக் கையில் எடுத்தார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.