விளம்பரத்தில் கற்பனை எது, பொய் எது?

தொலைக்காட்சியில் விளம்பர இடைவேளை வந்ததும் எழுந்து செல்பவர்கள் உண்டு. ஒலியைக் குறைத்துவிடுபவர்களும் உண்டு. ஆயினும், பல ஆண்டுகளுக்கு முன்பு பார்த்த தொடரின் கதையை அடியோடு மறந்துவிட்டவர்கள்கூட, அதன் இடையே வந்த சோப்பு விளம்பரத்தின் இசையை இன்றும் முணுமுணுக்கிறார்கள். முப்பது விநாடிக் காட்சிக்கு இந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது? நம் வீட்டு மளிகைப் பட்டியலையும், குழந்தைகளின் உணவையும், தோலின் நிறம் குறித்த நம் எண்ணத்தையும் இந்த ஆற்றல் தொட்டுவிடுவதால், அதைப் புரிந்துகொள்வது அவசியமாகிறது.

தூர்தர்ஷனில் வணிக விளம்பரங்கள் 1976 ஜனவரியில் தொடங்கின. அன்று முதல் வந்துபோன எண்ணற்ற விளம்பரங்களில் நினைவில் நிற்பவை சிலவே. அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கையில் ஓர் உண்மை புலப்படுகிறது. அவற்றின் வெற்றிக்குப் பிரபல நடிகர்களோ, பெரும் பொருட்செலவோ முதன்மைக் காரணம் அல்ல. ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய ஒரு கரு அவற்றில் இருந்தது. பெரும்பாலும் அந்தக் கரு, மனிதர்களின் அன்றாட வாழ்க்கையைக் கூர்ந்து கவனித்ததில் பிறந்திருந்தது.

லிரில் சோப்பு விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். நாள் முழுவதும் வீட்டு வேலையில் உழலும் பெண்ணுக்குத் தனக்கே தனக்கென்று கிடைக்கும் நேரம், குளியலறையில் கழியும் சில நிமிடங்கள்தான் என்பதை அதை உருவாக்கிய அலிக் பதம்சீயின் குழுவினர் கண்டறிந்தனர். அந்தச் சில நிமிடங்களின் சுதந்திரமே, அருவியில் ஆடித் திளைக்கும் பெண்ணாகத் திரையில் உருவெடுத்தது. அது படமாக்கப்பட்ட கொடைக்கானல் பாம்பார் அருவியை இன்றும் 'லிரில் அருவி' என்றே பலர் அழைக்கிறார்கள். ஒரு சோப்பின் பெயர் அருவிக்கே பெயராகிவிட்டது.

அதே பதம்சீ, 1980-களில் வேறொரு சிக்கலை எதிர்கொண்டார். ஆமதாபாதில் கர்சன்பாய் படேல் 1969-இல் சிறு அளவில் தொடங்கிய நிர்மா சலவைத்தூள், விலைக் குறைவால் நாடெங்கும் பரவி, சர்ஃபின் சந்தையைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. விலையைக் குறைக்காமல் போட்டியைச் சமாளிக்க வேண்டும். அப்போது பிறந்தவர்தான் 'லலிதாஜி'. காய்கறிக்காரரிடம் கறாராகப் பேரம் பேசும் இந்த இல்லத்தரசி, சலவைத்தூளுக்கு மட்டும் கூடுதல் விலை கொடுக்கிறார். கேட்டால், மலிவான பொருள் வேறு, நல்ல பொருள் வேறு என்று விளக்கம் தருகிறார். வசதி இருந்தும் ஒவ்வொரு காசுக்கும் பேரம் பேசிய தம் தாயையே இந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரியாகக் கொண்டதாகப் பதம்சீ கூறியிருக்கிறார். ஊதாரி ஒருத்தி கூடுதல் விலை கொடுத்தால் யாரும் நம்பப் போவதில்லை. சிக்கனக்காரி கொடுத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று தோன்றுகிறது. கருவின் வலிமை இந்த முரணில்தான் இருக்கிறது.

நல்ல விளம்பரக் கருவை அடையாளம் காண நான் ஓர் எளிய சோதனையைச் செய்து பார்ப்பதுண்டு. கதையிலிருந்து அந்தப் பொருளை நீக்கிவிட வேண்டும். அதன் பிறகும் கதை நின்றால், பொருள் அங்கே வெறுமனே ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். கதை சரிந்து விழுந்தால், பொருளே கதையின் உயிராக இருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் பெறுவது ஃபெவிகால் பேருந்து விளம்பரம். பாலைவனச் சாலையில் குண்டும் குழியுமான பாதையில் ஒரு பேருந்து குலுங்கிக் குலுங்கிச் செல்கிறது. கூரையிலும் பக்கவாட்டிலும் மனிதர்கள் தேனீக்களைப் போல மொய்த்திருக்கிறார்கள். ஒருவர்கூடக் கீழே விழவில்லை. பேருந்து நம்மைக் கடந்து சென்ற பிறகுதான் அதன் பின்புறத்தில் உள்ள ஃபெவிகால் விளம்பரப் பலகை கண்ணில் படுகிறது. உரையாடல் இல்லை; பசையின் தரம் பற்றிய விளக்கமும் இல்லை. பல்வந்த் பரேக் தொடங்கிய பிடிலைட் நிறுவனம், தச்சர்களுக்காக விற்றுவந்த ஒரு பசையை, பியூஷ் பாண்டே தலைமையிலான ஓகில்வி குழுவினர் நாடே சிரித்து நினைவுகூரும் பெயராக்கினர். 'ஃபெவிகால் போட்டு ஒட்டியதுபோல' என்பது இன்று பேச்சுவழக்கு.

கருவின் மற்றொரு பணி, கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு உருவம் கொடுப்பது. கைப்பேசிச் சேவையை எப்படிப் படம் பிடிப்பது? 2009 ஐபிஎல் போட்டிகளின்போது வோடஃபோன் இதற்கு 'சூசூ'க்களை அறிமுகப்படுத்தியது. முட்டை வடிவத் தலையும் பூசினாற்போன்ற வெள்ளை உடலும் கொண்ட அந்த உருவங்கள் கணினி வரைகலை என்றே பலரும் எண்ணினர். உண்மையில், வெள்ளை உடைக்குள் இருந்தவர்கள் மனிதர்கள். தென்னாப்பிரிக்காவில் அவை படமாக்கப்பட்டன. அவை பேசிய மொழி எந்த மொழியும் இல்லை என்பதால், இந்தியாவின் எல்லா மாநிலங்களுக்கும் அவை பொதுவாயின. இந்தியில் எடுத்து, உதட்டசைவு பொருந்தாமல் தமிழில் ஒலி சேர்க்கப்படும் விளம்பரங்களைப் பார்த்துச் சலித்த நமக்கு அதன் அருமை நன்றாகவே விளங்கும்.

சில கருக்கள் சமூக வழக்கத்தையே அசைத்துப் பார்க்கின்றன. சாக்லேட் என்றால் குழந்தைகளுக்கானது என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலத்தில், 1990-களில் கேட்பரி நிறுவனம் ஒரு கிரிக்கெட் காட்சியை அமைத்தது. ஆட்டக்காரர் சிக்ஸர் அடித்ததும், பார்வையாளர் வரிசையில் இருந்த இளம்பெண் காவலரைத் தாண்டி மைதானத்துக்குள் ஆடிக்கொண்டே ஓடுகிறாள். பெரியவர்களுக்குள்ளும் ஒரு குழந்தை இருக்கிறது என்பதே சொல்லாமல் சொன்ன செய்தி. 2021-இல் அதே காட்சி தலைகீழாக்கப்பட்டது. இப்போது சிக்ஸர் அடிப்பவர் ஒரு பெண். மைதானத்துக்குள் ஆடி ஓடுபவர் ஆண். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் பெண்கள் கிரிக்கெட் அடைந்த உயர்வை ஒரு வார்த்தையும் பேசாமல் அது உணர்த்தியது.

தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. அலுவலகத்துக்கும் விருந்துக்கும் கால்சட்டையே மரியாதை என்ற எண்ணம் பரவியிருந்த சூழலில், நடிகர் ஜெயராம் வேட்டி கட்டி நடந்துவர, எதிர்ப்பட்டவர்கள் வணக்கம் வைக்கும் ராம்ராஜ் விளம்பரம் வந்தது. நூலின் தரத்தைப் பற்றி அது பேசியதைவிட, வேட்டிக்குரிய மதிப்பைப் பற்றிப் பேசியதே அதிகம்.

இவ்வளவும் நயம். ஆனால், இதே ஆற்றல் நஞ்சாகவும் மாறும் என்பதற்கு நம்மிடையே நீண்ட வரலாறு இருக்கிறது. சிவப்பழகு களிம்பு விளம்பரங்களின் கருவும் ஒரே வாக்கியத்தில் அடங்குவதுதான்: கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்கவில்லை, களிம்பு பூசினாள், கிடைத்தது. இதற்கு எதிராக அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் நெடுங்காலம் குரல் கொடுத்தன. 1975-இல் அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிட்டது 2020-இல்தான். இடைப்பட்ட நாற்பத்தைந்து ஆண்டுகளில் எத்தனை பெண்கள் கண்ணாடி முன் நின்று தம்மைத் தாமே தாழ்த்திக்கொண்டிருப்பார்கள் என்பதை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

பேருந்து விளம்பரமும் நடக்காததைக் காட்டியது. களிம்பு விளம்பரமும் நடக்காததைக் காட்டியது. அப்படியிருக்க, ஒன்றை ரசிப்பதும் மற்றொன்றைக் கண்டிப்பதும் எந்த அடிப்படையில்? விடை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஒன்றை மிகைப்படுத்திச் சொல்வதை உயர்வு நவிற்சி அணி என்கிறோம். மாடத்தின் உச்சி நிலவைத் தொட்டது என்று புலவர் பாடினால், யாரும் ஏணியோடு அளக்கப் போவதில்லை. மிகை என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். இருவருக்கும் இடையில் உள்ள இந்த உடன்பாடுதான் மிகையைக் கலையாக்குகிறது. பசை பூசினால் மனிதர்கள் பேருந்தில் ஒட்டிக்கொள்வார்கள் என்று ஒருவரும் நம்புவதில்லை. களிம்பு பூசினால் வாழ்க்கை மாறும் என்பதையோ பலர் நம்பினார்கள்; நம்ப வேண்டும் என்பதற்காகவே அது எடுக்கப்பட்டது. நம்பப்படாத மிகை அணியாகிறது. நம்பவைக்கப்படும் மிகை ஏமாற்றாகிறது.

1985-இல் தொடங்கப்பட்ட இந்திய விளம்பரத் தர மன்றத்தின் நெறிமுறைகளும் இந்த வேறுபாட்டையே ஏற்கின்றன. நகைச்சுவை என்றோ மிகை என்றோ தெளிவாகத் தெரியும் கற்பனைக்கு அங்கே இடமுண்டு. உண்மையான உறுதிமொழியாகப் புரிந்துகொள்ளப்படக்கூடிய மிகைக்கு இடமில்லை. ஆனால், அது தொழில் துறையினரே அமைத்துக்கொண்ட அமைப்பு. சட்டத்தின் கரம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 மூலமாக வந்தது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் தவறிழைத்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைக்கும் பிரபலங்களுக்கும் ஓராண்டு வரை தடை விதிக்கலாம். 2022-இல் வெளியான வழிகாட்டு நெறிமுறைகளின்படி, பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரத்தின் உறுதிமொழி எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில் இருக்க வேண்டும். தமிழில் வாக்குறுதி கொடுத்துவிட்டு, திரையின் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அதை மறுத்துக்கொள்ளும் வழக்கத்தை நாம் இன்றும் காண்கிறோம் என்றால், கண்காணிப்பு போதவில்லை என்பதே பொருள்.

குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. மிகையையும் மெய்யையும் பிரித்தறிவது பெரியவர்களுக்கு உள்ள திறன். சிறு குழந்தைக்கு அது இன்னும் வாய்க்கவில்லை. பானம் குடித்த சிறுவன் ஓட்டப்பந்தயத்தில் வெல்வதைக் காணும் குழந்தைக்கு அது உவமை அல்ல, செய்தி. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆரோக்கிய பானம்' என்றொரு வகையே இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, இத்தகைய பானங்களை அந்தப் பட்டியலிலிருந்து நீக்குமாறு 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களை மத்திய அரசு அறிவுறுத்தியது. சட்டத்தில் இல்லாத ஒரு வகை, பல தலைமுறைத் தாய்மார்களின் மனத்தில் ஐயத்துக்கு இடமின்றிப் பதிந்திருந்தது. அதைப் பதித்தது விளம்பரம்.

சட்டம் மட்டுமே இதற்குப் போதாது. நம் பள்ளிகளில் தமிழ்ப் பாடத்தில் அணி இலக்கணம் கற்பிக்கப்படுகிறது. மாணவர்கள் இலக்கணத்தை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதே வகுப்பில், முந்தைய நாள் மாலை பார்த்த ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொண்டு, இதில் வந்திருப்பது உயர்வு நவிற்சியா அல்லது நம்பவைக்கும் முயற்சியா என்று ஆசிரியர் கேட்கலாம். அதற்குப் புதிய பாடத்திட்டமோ, தனி நிதியோ தேவையில்லை. இலக்கணமும் உயிர்பெறும்; கடையில் நிற்கும்போது பிள்ளைகள் கேள்வி கேட்கவும் பழகுவார்கள். நாமும் வீட்டில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கும்போது அந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம்.